மூன்று காலில் நின்ற கொசு

சோதனைக் குழாயின் அடியில் கொசுக்கள் உதிர்ந்து கிடந்தன. சர்க்கரைக் கரைசலில் நனைத்த பஞ்சுக்குக் கீழே, வலைத்துணியைப் பற்றிக்கொண்டு ஒரே ஒரு கொசு மட்டும் நின்றது. அதற்கு மூன்று கால்கள்தாம் இருந்தன. டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்து பட்ட கொசு சில சமயம் கால்களை உதிர்த்துவிடும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது, உயிரிலா சாவிலா என்று விளங்காமல் அண்ணனைப் பார்த்தேன்.

“குழாயை மெல்லத் தட்டுங்கள் தம்பி. பறந்தால் உயிர். காலை எண்ண வேண்டாம்” என்றார்.

தட்டினேன். பறந்தது. உயிர் என்று எழுதினேன்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த சோதனை முறையும் அதைத்தான் சொல்கிறது. மருந்து பட்டு 24 மணி நேரம் ஆன பிறகு பறக்க முடிந்த கொசு, எத்தனை கால்களை இழந்திருந்தாலும் உயிருள்ளதுதான். அந்தக் கொசு எங்கேயாவது முட்டையிட்டால், மருந்தைத் தாங்கிய அதன் தன்மை குஞ்சுகளுக்கும் போகும். பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் அந்த மூன்று கால் கொசுவில் அடங்கியிருக்கிறது.

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் சில ஆண்டுகள் கொசு ஆய்வில் இருந்தேன். 1936இல் ஒடிசா தனி மாகாணம் ஆகும்வரை அந்த மலைப்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே ஜேப்பூர் என்று ஓர் ஊர் உண்டு. ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் வேறு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் வகையில் 1902இல் விவரிக்கப்பட்ட ஒரு கொசு இனத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள்: அனோபிலஸ் ஜேப்போரியென்சிஸ். ஊருக்குப் பெருமை சேர்க்கும் பெயர் என்று சொல்ல முடியாது. மலேரியா அந்த மலைகளில் எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

அண்ணன் என்று நான் சொல்வது எங்கள் பூச்சி சேகரிப்பாளரை. கடலூர்ப் பக்கத்துக்காரர். பட்டம் எதுவும் படிக்கவில்லை. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் கொசுவை இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தே இனத்தைச் சொல்லிவிடுவார். பிறகு நுண்ணோக்கியில் நான் பார்த்தால் அநேகமாக அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்பகுதியைத் தூக்கி, சுவரில் ஆணி அடித்ததுபோல் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது அனோபிலஸ். அதற்கப்பால் உள்ள பாடம் அவருடைய கண்ணில் இருந்தது.

விடியற்காலை ஆறு மணிக்கு மாட்டுத்தொழுவத்தில் வேலை தொடங்கும். கண்ணாடிக் குழாய், அதன் ஒரு முனையில் ரப்பர்க் குழாய், நடுவில் கொசு வாய்க்குள் போகாமல் தடுக்கும் சல்லடைத் துணி. ரப்பர் முனையை வாயில் வைத்து, கொசுவுக்கு மேல் கண்ணாடியைக் கொண்டுபோய், ஒரு சிறு மூச்சு இழுக்க வேண்டும். அழுத்தி இழுத்தால் கொசு அடிபட்டுவிடும், தயங்கினால் பறந்துவிடும். மாடு வாலைச் சுழற்றும். சாணத்தின் நெடியும் மூட்டத்தின் புகையும் தொண்டையில் தங்கும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் பிடிக்கும் எண்ணிக்கைதான் அந்த ஊரின் கொசு அடர்த்தி என்று பதிவேட்டில் ஏறும். ஆகவே கை சோம்பினால் கணக்கும் பொய்யாகிவிடும்.

முதல் கோடையில் ஒரு பெரிய தவறு செய்தேன். பிடித்த கொசுக்களைக் காகிதக் கோப்பைகளில் அடைத்து, வண்டியின் பின்பக்கம் வைத்துவிட்டு, இன்னும் இரண்டு கிராமங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஈரத்துணி போர்த்தியிருந்தேன், அது எப்போதோ காய்ந்துவிட்டது. மறுநாள் எண்ணும்போது மருந்தே படாத கட்டுப்பாட்டுக் குழாயிலும் கொசுக்கள் கொத்தாகச் செத்துக் கிடந்தன. கட்டுப்பாட்டில் 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தச் சோதனை முழுவதும் செல்லாது. நான்கு விடியற்காலைகளின் உழைப்பை அடித்துவிட்டுப் பதிவேட்டில் காரணம் எழுதினேன். அண்ணன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் ஐந்தரைக்கே வந்து, துணியை நனைத்துப் பிழிந்து வைத்திருந்தார்.

அந்தச் சோதனை எளிமையானது. பூச்சிக்கொல்லி தோய்த்த காகிதத்தைக் குழாயின் உட்புறம் சுற்றி, இருபது இருபத்தைந்து பெண் கொசுக்களை உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். டி.டி.டி.க்கு 4 சதவீதக் காகிதம், மாலத்தியானுக்கு 5, டெல்டாமெத்ரினுக்கு 0.05. பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி ஒரு நாள் வைத்திருந்து எண்ண வேண்டும். 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து கேட்கிறது என்று பொருள். 90க்குக் கீழே போனால் எதிர்ப்புத்திறன் உறுதி.

தொழுவத்தில் பிடிக்கும் அனோபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற இனக் கொசுக்களை டி.டி.டி. குழாயில் விட்டபோது பாதிக்கும் மேல் மறுநாளும் பறந்துகொண்டிருந்தன. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. இந்தியாவில் இந்த இனம் டி.டி.டி.யை எதிர்க்கத் தொடங்கியதை 1959லேயே குஜராத்தில் கண்டறிந்தார்கள். டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று பால் முல்லர் கண்டது 1939இல்; அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1948இல். அந்த வெள்ளைப் பொடியைச் சுவரில் அடித்தே 1960களின் நடுவில் நாட்டின் மலேரியாவை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இறக்கினார்கள். 1976இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. கொசு மருந்துக்குப் பழகிவிட்டது என்று அந்த ஏற்றத்துக்கு ஒரே வரியில் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. மருந்து வந்து சேராத மாதங்களும், வெற்றி கிட்டியதும் கண்காணிப்பு தளர்ந்ததும் அதே ஏற்றத்தில் பங்கு கொண்டவை. கொசுவின் மேல் பழியைப் போடுவது சுலபம். அது மறுத்துப் பேசாது.

இதை எனக்கு உறைக்கச் செய்தவர் ஒரு பரஜா பழங்குடிக் குடும்பத்துப் பெண்மணி. அறுபதை நெருங்கியிருப்பார். ஒடியாவில் சின்னம்மாவை அழைப்பதுபோல் நாங்கள் அவரை மௌசி என்று அழைப்போம். அந்த மழைக்காலத்தில் அவருடைய பேரனுக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்து, இரண்டு தடவையும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா என்று தெரிந்தது. நாங்கள் தொழுவத்தில் நுழைந்தபோது திண்ணையில் இருந்தபடியே கேட்டார்:

“மருந்து அடிக்கிறேன் என்று சாமான்களையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். மூட்டைப்பூச்சிகூடச் சாகவில்லை. காய்ச்சலும் போகவில்லை. எதற்காக அடித்தீர்கள்?”

மருந்து அடித்தது நாங்கள் அல்ல. அதைச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. குலிசிஃபேசிஸ் டி.டி.டி.யை எதிர்க்கிறது, ஆகவே மருந்து பலிக்கவில்லை என்ற பதில் என் கைவசம் தயாராக இருந்தது. அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டி.டி.டி. அடித்த சுவரில் வெண்மையான படிவு தெரிய வேண்டும். அங்கே பளிச்சென்று செம்மண் பூச்சு.

“எப்போது மெழுகினீர்கள் மௌசி?”

“மருந்து அடித்துப் போனார்கள். சுவர் திட்டுத்திட்டாக அசிங்கமாகிவிட்டது. பண்டிகை வேறு வந்தது. மெழுகினேன்.”

நாங்கள் நிலையத்துக்குத் திரும்பி, எந்த மருந்தையும் அறியாமல் கூண்டிலேயே தலைமுறைகளாக வளர்ந்த கொசுக்களைக் கொண்டுவந்தோம். சுவரில் கூம்பு வடிவப் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதற்குள் பத்துக் கொசுக்களை விட்டு அரை மணி நேரம் வைப்பது சுவர்ச் சோதனை. அவை மருந்துக்கு உடனே சாகக்கூடிய கொசுக்கள். அந்தச் சுவரில் அவை மறுநாளும் நன்றாக இருந்தன. எதிர்ப்புத்திறன் துளியும் இல்லாத கொசுவே சாகவில்லை என்றால் குறை கொசுவிடம் இல்லை. மருந்து மண்ணுக்கு அடியில் கிடந்தது.

அன்றிலிருந்து நான் விடாத வழக்கம் ஒன்று உண்டு. காட்டுக் கொசுவைப் புதுக் காகிதத்தில் சோதித்தால் கொசுவைப் பற்றித் தெரியும். கூண்டுக் கொசுவை வீட்டுச் சுவரில் சோதித்தால் நம் வேலையைப் பற்றித் தெரியும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு அறிக்கை எழுதுவதை நான் நேர்மையான ஆய்வாகக் கருதுவதில்லை.

இன்னொரு சிக்கலும் அந்த ஊரிலேயே இருந்தது. நாங்கள் எளிதாகப் பிடித்தது தொழுவத்துக் கொசு. குலிசிஃபேசிஸ் பெரும்பாலும் மாட்டின் இரத்தத்தை நாடுவது. மலையடிவாரத்து ஓடைகளின் விளிம்பில், புல் மறைவில் மெல்ல ஓடும் தெளிந்த நீரில் வளர்வது அனோபிலஸ் ஃபுளூவியாட்டிலிஸ். அது மனிதரைத் தேடி வீட்டுக்குள் வரும். சிறு எண்ணிக்கையிலேயே பெரிய சேதம் செய்யும். அந்த மலைகளில் முக்கியக் குற்றவாளி அதுதான். அதைப் போதுமான அளவு பிடிப்பதற்குப் பல நாள் அலைய வேண்டும். எண்ணிக்கை எளிதாகச் சேருகிறது என்பதற்காகத் தொழுவத்துக் கொசுவின் சதவீதத்தை மட்டும் எழுதி, இந்த மாவட்டத்தில் மருந்து தோற்றது என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மைகூட ஆகாது. அண்ணனும் நானும் அந்த ஆண்டு ஓடைக்கரை வீடுகளிலேயே அதிகம் கிடந்தோம்.

இப்படிச் சொல்வதால் எதிர்ப்புத்திறன் அற்பமானது என்று பொருள் இல்லை; அது எனக்கு இன்றும் கவலை தருகிறது. டி.டி.டி.யும், டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகளும் கொசுவின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன: சோடியம் நுழையும் வாயில். அந்த வாயிலாக அமைந்த புரதத்தில் 1014ஆவது இடத்தில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் மாறிவிட்டால் மருந்து சரியாகப் பற்றாது. ஒரு மருந்துக்காக ஏற்பட்ட மாற்றம் அடுத்த மருந்துக்கும் அரணாகிவிடும். இது போதாதென்று, மருந்தைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கும் கொசுக்களும் உண்டு. வயலில் பயிருக்கு அடிக்கும் மருந்தும் அதே நீரில் வளரும் கொசுப் புழுக்களைப் பழக்கிவைக்கிறது.

2017இல் ஒடிசாவில் மருந்து நீண்ட நாள் நிற்கும் கொசுவலைகளை 1 கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். எட்டாத ஊர்களுக்கெல்லாம் போய் இரத்தம் சோதித்து, காய்ச்சல் இல்லாதவர்களிடமும் ஒட்டுண்ணி இருந்தால் சிகிச்சை அளித்தார்கள். 2016இல் மாநிலத்தில் சுமார் 4.4 லட்சமாக இருந்த மலேரியா 2018இல் சுமார் 66 ஆயிரமாக இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்த அன்று மௌசியின் பேரன் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வலைகளில் இருந்ததும் பைரெத்ராய்டுதான். நொதியை முடக்கும் பிபிஓ கலந்த வலைகளும், 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த, குளோர்ஃபெனாபைர் என்ற வேறு மருந்து சேர்த்த வலைகளும் வந்திருப்பது ஆறுதல். அவற்றையும் ஒருநாள் தாங்கப்போகிற கொசு எங்கேயோ இருக்கக்கூடும். அதை முதலிலேயே காண யாராவது விடியற்காலையில் தொழுவத்தில் நின்றாக வேண்டும். பூச்சி சேகரிப்பாளர்கள் ஓய்வு பெறும்போது அந்த இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மௌசியின் ஊருக்கு அடுத்த ஆண்டு மறுபடியும் போனேன். அந்தத் தடவை டெல்டாமெத்ரின் அடித்திருந்தார்கள். வெளிச்சுவர் முழுவதும் புதிதாக மெழுகியிருந்தார். உள்ளே, பேரன் படுக்கும் பக்கத்துச் சுவரில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே கிண்ணத்தைக் கவிழ்த்து, பத்துக் கொசுக்களை விட்டோம். அரை மணி நேரமும் அவர் எங்கள் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

“செத்துவிட்டனவா?”

“நாளைக்குத்தான் தெரியும் மௌசி.”

“தெரிந்ததும் வந்து சொல்லுங்கள். போன தடவை யாரும் வந்து சொல்லவில்லை.”

அது உண்மைதான். அத்தனை ஊர்களில் அத்தனை சுவர்களைச் சோதித்திருக்கிறோம். முடிவை அந்த வீட்டாருக்குத் திரும்பப் போய்ச் சொன்னதே இல்லை. மறுநாள் காலை எண்ணி முடித்ததும் அண்ணன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். பத்தும் செத்திருந்தன. அதைச் சொல்வதற்காக மட்டும் மலையேறினோம்.