'இவருக்கு நல்ல புத்தி கொடு' என்று வேண்டாதீர்கள்

மும்பை தாராவியில் 90 அடிச் சாலைப் பக்கம் ஒற்றை அறைக் குடித்தனம். விளக்கேற்றியதும் மனைவி சத்தமாக வேண்டுகிறாள்: "முருகா, இவருக்கு நல்ல புத்தியைக் கொடு." பக்கத்தில் நிற்கும் கணவன் காதில் அது குத்தலாகத்தான் விழும். ராத்திரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுப்பார்கள்.

சேர்ந்து கும்பிட்டால் உறவு நன்றாயிருக்கும் என்கிறோம். என்ன கேட்டுக் கும்பிடுகிறோம் என்பது முக்கியம். 2011-ல் வெளியான ஆய்வில் ஸ்டீவன் பீச், ஃபிராங்க் ஃபின்சம் என்ற உளவியல் ஆய்வாளர்களின் குழு 393 அமெரிக்கக் கறுப்பினத் தம்பதிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்குப் படிக்கப் புத்தகம் மட்டும். ஒன்றுக்குப் பேசிப் பழகும் பயிற்சி. மற்றதற்கு அதனுடன் ஜெபமும். பயிற்சி பெற்ற இரு பிரிவினரும் நன்றாக இருந்தார்கள். ஜெபம் சேர்ந்த பிரிவில் மனைவிகளுக்குச் சில விஷயங்களில் கூடுதல் பலன். அங்கே வேண்டியது துணையின் நலனை, துணை திருந்த வேண்டும் என்று அல்ல.

நம் வீட்டில் பத்து நிமிடம் போதும். விளக்கேற்றும் முன்பே ஒருவர் அன்று பட்ட கஷ்டத்தைச் சொல்லட்டும்: "தானேயிலருந்து நின்னுகிட்டே வந்தேன், முதுகு விட்டுப்போச்சு." மற்றவர் புத்தி சொல்லாமல், கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். இது முதலில் செயற்கையாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். வேண்டுதல் ஒரே வரி: "முருகா, இவர் முதுகுவலி தீரணும்." சண்டை போட்ட நாளில் மனதுக்குள்ளேயே வேண்டுங்கள், வாய்விட்டால் குற்றச்சாட்டாகிவிடும்.

மதம் வேறென்றால் ஜெபிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். புதன்கிழமை மாஹிம் தேவாலயத்தில் நடக்கும் நொவேனா ஜெபத்துக்குக் கூடப் போய் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும்.

இதைவிடச் சிக்கல், சபரிமலைக்கு மாலை போடும் 41 நாள். கணவனை மனைவியே "சாமி" என்று கூப்பிடுகிறாள், அவர் தனிப் பாயில் படுக்கிறார். அது விரதம், சரி. ஆனால் மாலையைக் கழற்றிய பிறகும் பலர் அந்தப் பாயிலேயே தங்கிவிடுகிறார்கள். கூச்சம்தான் காரணம், யார் முதலில் நெருங்குவது என்று தெரிவதில்லை. அவளோ தன்னை வெறுத்துவிட்டார் என்றே நினைத்துக்கொள்கிறாள். மாலை போடும் முன் அவளிடம் கேளுங்கள், அறிவித்துவிட்டுப் போகாதீர்கள். விரத நாளிலும் அந்தப் பத்து நிமிடப் பேச்சு நிற்கக் கூடாது. மலையிலிருந்து திரும்பும் ராத்திரிக்குப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாயைச் சுருட்டி மேலே வைக்கும் வேலை கணவனுடையது.