மனநலச் சிகிச்சைக்கு விடுப்பு எடுத்து, திரும்பவும் காக்கி போட்டது வரை

தமிழ்நாட்டில் ஒரு மத்தியச் சிறையில் பதினோரு வருடமாகக் காவலராக இருக்கிறேன். போன வருடம் மனநலச் சிகிச்சைக்காக நாற்பது நாள் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் வேலையில் இருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாம் தொடங்கிய அன்று எனக்கு இரவு பாரா, அதாவது காவல் டூட்டி. ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது 2016 மாதிரிச் சிறைக் கையேடு. அது மொத்த ஆள் கணக்கு, சரி. ஆனால் அந்த இரவில் அந்த பிளாக்கில் நான் ஒருவன், உள்ளே தொண்ணூற்றுச் சொச்சம் பேர். சின்ன வயது விசாரணைக் கைதி ஒருவன் செல்லுக்குள் உயிரை மாய்த்துக்கொண்டான். இரவில் செல் சாவி எங்கள் கையில் இருக்காது. விசில் ஊதிவிட்டு, சாவி வரும்வரை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன், கையை உள்ளே நீட்டியும் அவன் கால் எட்டவில்லை. எத்தனை நிமிடம் என்று பிறகு மூன்று தடவை வாக்குமூலத்தில் கேட்டார்கள், மூன்று தடவையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சிறையில் யார் இறந்தாலும் நீதித்துறை நடுவர் விசாரிப்பார், 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தனை விசாரணையிலும் "நீ தூங்குகிறாயா?" என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு மெமோ வந்தது, பதில் எழுதிக் கொடுத்தேன், மறுநாளே அதே பிளாக்கில் டூட்டி.

லாக்கப் அடைத்ததும் பூட்டை இழுத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். அது வீட்டுக்கும் வந்துவிட்டது. ராத்திரி எழுந்து போய் வாசல் கேட் பூட்டை இழுப்பேன், படுப்பேன், மறுபடி எழுந்து போவேன். பிள்ளைகள் மூச்சு விடுகிறார்களா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் என் மனைவிதான், "இது மூன்றாவது மாசங்க, இனிமேலும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்று அழுதாள்.

சிறைக்குள்ளேயே உளவியலாளர் இருக்கிறார், கைதிகளுக்கு. அவர் அறைக்கு எத்தனையோ பேரை நானே கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறேன். நான் போனால் மாலைக்குள் சிறை முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து ஒருநாளும் உள்ளே உட்காரவில்லை.

கடைசியில் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நின்று 14416-க்கு அடித்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022-ல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பேசியவர் அவசரப்படவில்லை. முதலில் சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டார். அப்படி ஒருவர் கேட்டதே எனக்குப் பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

போனேன். ஓபி சீட்டு, வரிசை, மற்ற நோய்க்கு எப்படியோ அப்படித்தான். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள், குறிப்பாகத் துப்பாக்கி பாரா பார்க்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் சொன்னேன், கொஞ்ச நாளைக்கு ஆயுத டூட்டியும் இரவு டூட்டியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றும் சொல்லிவிட்டார், அது தெரியாமல் இருந்திருந்தால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பேன். வாரம் ஒருநாள் கவுன்சலிங். அங்கேதான் அந்தக் கம்பியைப் பற்றி முதல்முறையாக முழுசாகப் பேசினேன்.

சிகிச்சையைவிடக் காகிதம்தான் என்னை வதைத்தது. மருத்துவச் சான்றிதழை அலுவலகத்தில் கொடுத்தபோது, வாங்கியவர் அதை நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்தார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நோயாளியின் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை இருக்கிறது, 23-வது பிரிவு. அன்று எனக்குத் தெரியாது. நீங்கள் உறையில் போட்டு ஒட்டி, மேலே அதிகாரி பெயருக்கு 'அந்தரங்கம்' என்று எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தகுதிச் சான்று வாங்கித் திரும்பியபோது மனு பார்க்கிற இடத்தில், அதாவது கைதிகளை வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கிற இடத்தில், டூட்டி போட்டார்கள். கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்லை" என்றார். அதை அவர் மூன்று மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, ஆனாலும் அன்று அது போதுமாக இருந்தது. வேலை போகவில்லை, சம்பளம் நிற்கவில்லை, நான் பயந்ததில் பாதி நடக்கவே இல்லை.

என் பேட்ச் ஆள் ஒருவன் போன வாரம் கேட் பக்கம் என்னை ஒதுக்கி நிறுத்தி, "அந்த ஓபி எத்தனை மணிக்குடா?" என்று கேட்டான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பாரா இல்லாத நாளாகப் பார்த்துச் சொல், நானும் வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை போகிறோம்.