ரீவோ மடம்: பெரிய கோவில் இடிந்தது, வாசல் கோவில் நிற்கிறது

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ரை நதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ரீவோ. ஹெல்ம்ஸ்லி ஊரிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தே போகலாம், யாத்திரை என்று கிளம்பிவிட்டால் நடந்துதான் போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

1132-ல் பிரான்சின் கிளேர்வோ மடத்திலிருந்து அதன் அதிபர் புனித பெர்நார்து அனுப்பிய சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபைத் துறவிகள் இங்கே வந்து இறங்கினார்கள், நிலம் கொடுத்தவர் வால்டர் எஸ்பெக் என்ற பிரபு. பள்ளத்தாக்கு குறுகல் என்பதால் கோவிலை வழக்கப்படி கிழக்கு பார்த்துக் கட்ட இடமில்லை, கிட்டத்தட்ட வடக்கு தெற்காகவே கட்டியிருக்கிறார்கள். உள்ளே நின்றால் வெயில் பீடத்துப் பக்கமிருந்து அடிக்கிறது, முதலில் திசையே குழம்பிப் போகிறது.

நான் போனது புனித ஏல்ரெட்டுக்காக. ஸ்காட்லாந்து அரசர் டேவிட்டின் அரண்மனையில் பெரிய பொறுப்பில் இருந்தவர், அதை விட்டுவிட்டு 1134-ல் இங்கே துறவியாகி, 1147 முதல் 1167-ல் இறக்கும்வரை மடத்து அதிபராக இருந்தார். அவர் காலத்தில் 140 துறவிகள், 500 பொதுநிலைச் சகோதரர்கள் (மடத்தின் உடலுழைப்பு வேலைகளைப் பார்த்தவர்கள்) என்று அவருடனேயே வாழ்ந்த வால்டர் டேனியல் எழுதி வைத்திருக்கிறார். கடைசி வருடங்களில் மூட்டுவலியில் முடங்கிப்போய் நோயாளிகள் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறையில்தான் படுத்திருந்தாராம். அங்கேயும் தினமும் இருபது முப்பது பேர் வந்து கட்டிலைச் சுற்றி, கட்டில் மேலேயும்கூட, உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், அவரும் யாரையும் விரட்டியதில்லை. மௌனத்துக்குப் பெயர்போன சபையில் இப்படி ஒரு அதிபர்! எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

அந்தக் கூடம் இருந்த பக்கம் போய்ப் பார்த்தால் கொஞ்சம் வருத்தம்தான். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதையே அதிபரின் சொந்த மாளிகையாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வாசலுக்கு மேலே கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் சிற்பம், தேய்ந்துபோய் இன்னும் இருக்கிறது. அங்கே நின்று ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

எல்லாரும் படம் எடுப்பது 1220-களில் எழுப்பிய பீடப் பகுதியைத்தான். மூன்று அடுக்கு, கூரை இல்லை, அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் கட்டிக் கட்டியே கடனாளி ஆனார்கள், ஆடுகளுக்குச் சொறிநோய் வந்து கம்பளி வருமானமும் போனது, 1322-ல் ஸ்காட்லாந்துப் படை கொள்ளையடித்தது, பிறகு கொள்ளைநோய். 1380 வாக்கில் மிஞ்சியது 15 துறவிகளும் 3 சகோதரர்களும். 1538-ல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார், இடம் ரட்லண்ட் பிரபு கைக்குப் போனது. கூரை ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக்கி அரச முத்திரை குத்தினார்கள், அதில் சில கட்டிகள் இடிபாட்டுக்குள் புதைந்து கிடந்து 20-ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தன.

அப்புறம் ஊர். துறவிகள் நடத்திய இரும்புப் பட்டறை அவர்கள் போன பிறகும் நூறு வருடம் ஓடியது, வேலையாட்கள் மடத்துக் கற்களையே எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் சில வீட்டுச் சுவர்களில் மடத்துக்கல் என்று பார்த்ததும் தெரிகிறது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கல் வீணாகக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மடத்துக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள் என்பதால் அவர்களுக்கென்று மதில் வாசலில் ஒரு சிறு கோவில் இருந்தது. பெரிய கோவில் போய்விட்டது, இது மட்டும் பழுதுபார்க்கப்பட்டு, புனித மரியாள் பெயரில் ஊரின் பங்குக் கோவிலாக இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையுடையது, நான் கத்தோலிக்கன், ஆனாலும் அன்றைய ஜெபமாலையை முழுசாக அங்கேதான் சொன்னேன்.

ஏல்ரெட்டின் திருநாள் ஜனவரி 12. அன்றைக்கே போக ஆசைப்படுகிறவர்கள், குளிர்காலத்தில் மடம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், காட்டுப்பாதையில் சேறும் இருக்கும், நல்ல பூட்ஸ் வேண்டும்.