தேங்காய் மட்டையும் அதிர்வெண்ணும்

"ஒரு வினாடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கை அதிர்வெண்." கடலூர் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து அண்ணன் மகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறாள்.

சரி, அங்கே பாரு என்றேன்.

அலை உடைகிற இடத்துக்கு அப்பால் ஒரு தேங்காய் மட்டை. முகடு வரும்போது ஏறுகிறது, போனதும் இறங்குகிறது, ஆனால் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கிடக்கிறது. அலை கரைக்குக் கொண்டுவருவது ஆற்றலைத்தான்.

செல்போனில் நேரம் பார்த்தாள். ஒருமுறை இறங்கி மறுபடி மேலே வர 8 வினாடி. அதுதான் அலைவுக்காலம். 1-ஐ அதால் வகுத்தால் அதிர்வெண்: 0.125 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 0.125 அதிர்வு.

"ஒண்ணுக்கும் கம்மியா வருமா சித்தப்பா?"

எவ்வளவு நல்ல கேள்வி! வரையறையை வரி மாறாமல் எழுதினால் மதிப்பெண் கொடுக்கிறோம், இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு வகுப்பில் ஐந்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை.

கடலூர் ஆசிரியர்களே, அலைகள் பாடத்தை ஒருநாளாவது தேவனாம்பட்டினம் வந்து நடத்துங்களேன்.