விரிய மறுத்த குடை

மூன்று நிமிட அனிமேஷன் படம் ஒன்று. கையில் இருந்தவை: ஏஐ வீடியோ கருவி ஒன்றின் ஒரு மாதச் சந்தா, பழைய கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கணினி, ஆறு வாரம், மூன்று பேர். எடிட்டிங் என் பொறுப்பு. கதைக்கு ஒருவர், ஓவியத்துக்கு ஒருவர். "அதான் ஏஐ இருக்கே" என்று சொல்லித்தான் மேலாளர் பட்ஜெட்டில் கத்தரி போட்டார்.

குடை பழுது பார்க்கும் ஒரு கிழவர் மழைக்குக் காத்திருப்பதுதான் கதை. வசனமே கிடையாது. கலை நோக்கில் எடுத்த முடிவு என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் பேச்சுக்கு உதட்டசைவைப் பொருத்துகிற வேலையிலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் செய்தோம்.

முதல் வாரம் வீண். எழுத்தில் காட்சியை விவரித்து நேரடியாக வீடியோ கேட்டோம். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு புதுக் கிழவர் வந்தார். ஒருவருக்குத் தாடி, ஒருவருக்கு வழுக்கை. ஒரே ஆளாக வந்தபோதும் கோட்டில் ஒரு முறை மூன்று பொத்தான், மறுமுறை ஐந்து. இந்தக் கருவிகளில் காசு கிரெடிட்டாக, அதாவது சந்தாவோடு வரும் புள்ளிகளாக, போகிறது. கிளிப் உருப்படியாக வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் கணக்கில் கழிந்துகொண்டே இருந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பட்டனைத் தட்டுகிறவனுக்கும் சூதாடுகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்தால் கிரெடிட்டில் மூன்றில் ஒரு பங்கு காலி. படத்துக்குத் தேறியது நாலு விநாடி.

சரி, நிறுத்துவோம் என்று ஓவியர் பென்சிலை எடுத்தார். இரண்டு நாளில் கதை முழுக்க 38 கட்டப் படங்களாக வந்தது. அவற்றை நான் டைம்லைனில் வரிசையாக வைத்து, எந்தக் கட்டம் எத்தனை விநாடி என்று அளந்து, தற்காலிகமாக மழைச் சத்தம் போட்டு ஓடவிட்டேன். அனிமேட்டிக் என்று இந்தத் தொழிலில் காலங்காலமாகச் செய்வதுதான். ஏஐ வந்ததும் அதைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று நினைத்தது எங்கள் தப்பு. ஓடவிட்டுப் பார்த்ததில் ஒன்பது ஷாட் தேவையே இல்லை என்று தெரிந்தது. அவற்றைத் தூக்க ஒரு கிரெடிட்கூடச் செலவாகவில்லை.

அதன்பிறகு முறையை மாற்றினோம். முதலில் அசையாப் படத்தைச் சரியாக்குவது. நிறம், முகம், பொத்தான் எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகே அதை வீடியோவுக்கு அனுப்புவது. அசையாப் படங்களை எங்கள் கணினியிலேயே செய்துகொண்டோம். எழுத்தில் சொன்னதைப் படமாக்கும், 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற ஏஐ மாடல்களைச் சொந்த இயந்திரத்தில் ஓட்டலாம். மின்சாரமும் பொறுமையும்தான் செலவு.

இங்கேதான் சங்கடமான ஒரு நாள் வந்தது. பெரிய மாடலை அப்படியே விட்டு, கொஞ்சம் படங்களைக் காட்டி ஒரு பாணியைப் பழக்க லோரா என்ற வழி இருக்கிறது. ஓவியர் தன் படங்களில் 30ஐத் தேர்ந்து, தானே கொடுத்தார். இரவு முழுக்க ஓடியது. காலையில் திரையில் வந்த கிழவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோடு, அவர் போடுகிற நிழல், மூக்கை முடிக்காமல் விடுகிற அவர் பழக்கம், எல்லாம் இருந்தன. "என் கையெழுத்தை யாரோ போட்ட மாதிரி இருக்குங்க" என்றார். அந்த லோரா கோப்பு இந்தப் படத்துக்கு மட்டும், முடிந்ததும் அவரிடமே போய்விடும் என்று எழுதி வைத்துக்கொண்டோம். அவர் கேட்டு எழுதியதில்லை. நாங்களே எழுதியிருக்க வேண்டியது, ஒரு வாரம் தாமதமாக எழுதினோம்.

வீடியோக் கருவிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கிழவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவர் சிரிக்கிறார், தலையை ஆட்டுகிறார், கேமரா மெல்ல முன்னே நகர்கிறது. 'கேமரா அசையக் கூடாது' என்று எழுதினால் இன்னும் அசைந்தது. காத்திருப்பதைப் பற்றிய படத்தில் இது பெரிய தலைவலி. கடைசியில் அந்த ஷாட்களில் கிழவரை அசையாப் படமாகவே வைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரை மட்டும் வீடியோவாகச் செய்து மேலே ஒட்டினேன். எங்கள் படத்தில் எனக்குப் பிடித்த ஷாட்கள் அவைதான்.

அப்புறம் குடை. பழுது முடிந்ததும் கிழவர் குடையை ஒரு முறை விரித்துப் பார்க்க வேண்டும். குடை விரியும்போது தண்டில் ஒரு வளையம் மேலேறும். அது தாங்குகம்பிகளைத் தள்ள, அவை நீண்ட கம்பிகளை வெளியே விரிக்க, துணி இறுகும். கருவி இத்தனையும் யோசிப்பதில்லை. மூடிய குடை, விரிந்த குடை இரண்டையும் முதல் படமாகவும் கடைசிப் படமாகவும் கொடுத்துப் பார்த்தோம். நடுவில் துணி மெழுகு மாதிரி உருகி விரலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு முறை கம்பி அவர் மணிக்கட்டிலிருந்து முளைத்தது. பதினொரு முயற்சி. பன்னிரண்டாவதுக்கு நான் கையை வைத்தபோது கதை எழுதியவர் மவுஸைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் ஓவியர் இரண்டே படம் வரைந்து கொடுத்தார். தண்டைப் பிடித்த கட்டைவிரல், நெருக்கத்தில். அடுத்து, விரிந்த குடையின் கீழ் கிழவர் முகம், அதில் துணியின் நிறம் லேசாகப் படிந்திருக்கிறது. நடுவே ஒரு வெட்டு. கனமான போர்வைக்குள் என் கைபேசியை வைத்துக்கொண்டு நிஜக் குடையை இருபது தடவை விரித்து 'படக்' சத்தத்தைப் பதிவு செய்தேன். வெட்டு விழுகிற ஃபிரேமுக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் அந்தச் சத்தத்தை வைத்ததும் குடை விரிந்துவிட்டது.

மிச்சம் சில்லறை வேலை. வீடியோக் கிளிப்கள் வழவழவென்று ஓடி, கையால் வரைந்த படங்களோடு ஒட்டவில்லை. விநாடிக்கு 24 ஃபிரேமில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கி, மிஞ்சிய ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம் நேரம் நிறுத்தினேன். கையால் வரைகிறவர்கள் விநாடிக்கு 12 படத்தோடு சமாளிக்கிற அதே வழி. சின்னச் சின்ன நடுக்கங்களும் அதில் மறைந்தன. இலவசத் திட்டத்தில் செய்து வைத்திருந்த நாலைந்து கிளிப்களைத் தூக்கிப்போட நேர்ந்தது. வாட்டர்மார்க் இருந்தது போதாதென்று, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியும் இல்லை. சந்தா எடுப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டிய வரி.

படம் ஐந்து நாள் பிந்தி முடிந்தது. ஒதுக்கிய கிளிப்களை அழிக்க உட்கார்ந்தபோது ஓவியர் பக்கத்தில் வந்து நின்றார். குடை முயற்சிகளில் ஏழாவதில், துணி கறுத்துச் சுருங்கி ஒரு பறவையாகி, கிழவர் கையை விட்டுப் பறந்து போகிறது. அவர் கண் அதன் பின்னாலேயே போகிறது. யாரும் கேட்காதது. "இதை மட்டும் அழிக்காதீங்க" என்றார். அவருடைய பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.