கானாடுகாத்தான் வீடு: தீசிஸ் நாட்குறிப்பு

ஜனவரி 8, 2024
பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் கன்சர்வேஷன் முதுகலையில் கடைசிப் பருவம். தீசிஸுக்கு எடுத்திருக்கும் செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. இன்று வளவு, அதாவது நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் மட்டும் அளந்தேன். சுற்றியுள்ள அறைக்கதவுகளில் ஏழாவதை வரையத்தான் நேரம் பிடித்தது. பர்மாத் தேக்கு, மேல்நிலையில் இரண்டு கிளிகள். இடப்பக்கக் கிளிக்கு அலகு உடைந்திருக்கிறது.

ஜனவரி 10
முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் சில்லென்று இருக்கிறது. பின்கட்டில் யாரோ இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். அதற்கு மேலே உப்பு பூத்து, விரல் பட்டாலே உதிர்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாகக் காய்ந்துவிடும். சிமென்ட் அடைத்ததால் இன்னும் மேலே ஏறி அங்கே வெளியேறுகிறது.

ஜனவரி 11
சிமென்ட்டை உரித்துச் சுண்ணாம்பு பூசலாம் என்று இந்த வீட்டு ஆச்சியிடம் சொன்னேன்.
"பூசலாம் ஆத்தா. யாரைக் கேட்டுப் பூச?"
வீட்டுக்குப் பதினேழு புள்ளி, அதாவது பங்குள்ள பதினேழு குடும்பங்கள். அறைகள் அவரவர்க்கு, வளவு எல்லோருக்கும் பொது. ஓடு மாற்றவும் எல்லோரும் சரி சொல்ல வேண்டும். 1942இல் ஜப்பான் படை பர்மாவைக் கைப்பற்றிய பிறகு பணமும் குறைந்து, ஆளும் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டார்கள். கலவையைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். பங்கைப் பற்றி ஒரு வகுப்பும் இல்லை. இந்த வீடு விழுந்தால் அதனால்தான் விழும்.

பிப்ரவரி 2
ஏழாம் கதவு இல்லை. நிலையோடு பெயர்த்துவிட்டார்கள், செங்கல் தெரிகிறது.
"அவுக பங்கு, அவுக வித்துட்டாக" என்றார் ஆச்சி. கொஞ்ச நேரம் கழித்து, "அறுபது வருசமா வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசினேன்" என்றார்.

பிப்ரவரி 3
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அலகு உடைந்த கிளி. நிலையின் அடியில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன், என் வரைபடத்தோடு அப்படியே பொருந்தியது. அங்கேயே அழுதுவிட்டேன். செட்டிநாடு 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் ஒரு கதவைக்கூடக் காக்காது.

பிப்ரவரி 20
தீசிஸ் தலைப்பை மாற்ற வழிகாட்டி ஒப்புக்கொண்டார். இனி பொதுப் பங்கைப் பற்றியும் எழுதுவேன். ஆச்சி தந்த போன் நம்பர் நோட்டை வைத்துப் புள்ளிகளை அழைக்கிறேன். வளவின் கூரைக்கு மட்டும் சம்மதம் கேட்கிறேன், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இதுவரை ஐந்து பேர் சரி என்றார்கள். மலேசியாவில் இருப்பவர், தன் அப்பா கல்யாணம் அந்த வளவில்தான் நடந்தது என்று சொல்லி வரைபடம் ஒரு பிரதி கேட்டார். ஒழுகும் இடங்களைச் சிவப்பில் குறித்து நாளை அனுப்ப வேண்டும்.