கையைக் கட்டு

எங்கள் காது கேளாதோர் பள்ளி ரீச்சர் காலமாகிவிட்டாராம். வட்ஸ்அப்பில் படத்தைக் கண்டதும் என் கை தானாக மடிக்குள் போனது, நாற்பது வருடம் கழித்தும்.

சங்க மலருக்கு நாலு வரி நல்லதாக எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டார். சரி, நல்லதிலிருந்தே தொடங்குகிறேன். நான் தமிழ் எழுதுவது அவரால்தான். மெழுகுதிரிச் சுடர் அசையும் வரை 'ப' சொல்ல வைத்ததும், தன் மூக்கில் என் விரலை வைத்து 'ம' அதிர்வதைக் காட்டியதும் அவர்தான். வகுப்பில் சைகை காட்டினால் விரல் மூட்டில் அடிமட்டத்தால் அடி விழும், அது உங்களுக்கே தெரியும்.

இரவில் காது கேட்கிற பிள்ளைகள் இருட்டிலேயே கிசுகிசுத்துத் தப்பிவிடுவார்கள், எங்களுக்கோ குழப்படி செய்யவும் வெளிச்சம் வேண்டும். போர்வைக்குள் ஒரு ரோர்ச், நாலு தலை, எட்டுக் கை. வெளிச்சத்தை அவ்வளவு கவனமாக மறைத்துவிட்டு, சிரித்து மாட்டுவோம். சிரிப்பு மேற்றன் அறை வரை கேட்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ரீச்சர் ஏசினால் நான் கண்ணை மூடிக்கொள்வேன், அத்தோடு ஏச்சு முடிந்தது. இப்போது நான் கைபேசியை வை என்று சைகையில் ஏசத் தொடங்கினால், காது நன்றாகக் கேட்கிற என் மகள் கண்ணை மூடுகிறாள்!

சைகை கூடாது என்பது ரீச்சர் கண்டுபிடித்த சட்டமும் இல்லை. 1880இல் காது கேளாதோர் கல்வி பற்றிக் கூடிய மிலான் மாநாட்டில் சைகை வேண்டாம், பேச்சே போதும் என்று தீர்மானித்தது எங்கள் வாங்கு வரை வந்திருக்கிறது. 2010இல் வன்கூவரில் கூடிய அதே தொடர் மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்ததை வாசித்தபோது, ரீச்சருக்கு அனுப்புவோமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை.

அடிமட்டத்தை மன்னித்துவிட்டேன். முதலாம் தவணை லீவுக்கு என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் அவர் சொன்னதைத்தான் முடியவில்லை. "வீட்டிலயும் கை காட்டாதையுங்கோ, பேச்சு வராது." அக்கா பிறகு எழுதிக் காட்டினாள். அம்மாவுக்கும் எனக்கும் நாங்களே உண்டாக்கிய சைகைகள் இருந்தன. கன்னத்தில் விரல் வைத்தால் அக்கா, நீத்துப்பெட்டியைக் கவிழ்ப்பதுபோல் கையைக் கவிழ்த்தால் புட்டு. அந்த லீவு முழுக்க அம்மா கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார். 'அப்பா'வும் 'அம்மா'வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும், எனக்கு என்ன விளங்கும்? பிறகு நான் ரொறன்ரோ வந்து, அந்நியர்களிடம் முழுச் சைகை மொழி படித்தேன்.

போன ஞாயிறு வீடியோவில் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டார் என நினைக்கிறேன். நான் கையைக் கவிழ்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். வைக்கச் சொல்கிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும். கையசைத்துவிட்டு அழைப்பை வைத்துவிட்டார்.